ஆறு வோல்ட் ஃபெர்குசனுக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி போடலாமா?

ஒழலப்பதி தோட்டம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஒழலப்பதிப் பக்கம் நம்ம தோட்டம். அப்பாரு வாங்கிய சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர் ஒன்று தேங்காய்க் களத்துச் சாளையில் கிடந்தது. பெட்ரோல் வண்டி. இன்ஜினை ஒரு வழியாக ஓட வைத்துவிட்டோம். ஹேண்டில் போட்டுச் சுற்றினால் கிளம்பி நன்றாகவே ஓடுகிறது. செல்ஃப்தான் தகராறு. "உம்ம்... உம்ம்..." என்று முக்கிவிட்டு நின்றுவிடும்.

இது 6 வோல்ட் வண்டி. பேட்டரியில் மூன்று மூடிதான், மூடிக்கு 2 வோல்ட். கோவையில் ஒருவர் உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்த பேட்டரி, பழையதும் இல்லை. பொள்ளாச்சியில் ஒரு கடையில் கேட்டால், "12 வோல்ட் பேட்டரியைத் தூக்கி வைங்க, பிச்சுக்கிட்டு கிளம்பும்" என்கிறார்கள். பாலக்காட்டில் ஒரு பட்டறையில் கேட்டால் செல்ஃப் மோட்டாரே புகைந்துவிடும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? செல்ஃப், பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் காயில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ மூன்றும் 12 வோல்ட்டைத் தாங்குமா? உழவுக்கு இல்லைங்க, தோப்பிலிருந்து களத்துக்குத் தேங்காய் டிரெய்லர் இழுக்க மட்டும்தான்.

நகரிக்காரன்

இதுக்கெல்லாம் யோசிக்காதீங்க அண்ணா. எங்க மாமா நகரி பக்கத்தில் பழைய ஃபெர்குசனை வருஷக்கணக்கில் 12 வோல்ட்டில்தான் ஓட்டினார். ஒன்றும் ஆகவில்லை. வைத்து அடியுங்க.

சாம்பல் குதிரை

நகரி தம்பி, மாமாவின் வண்டி டீசலா பெட்ரோலா?

நகரிக்காரன்

டீசல்.

சாம்பல் குதிரை

அப்படியானால் அது பிறக்கும்போதே 12 வோல்ட். கோவென்ட்ரி பேனர் லேன் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை டி.இ.20 வரிசை வந்தது, ஐந்து லட்சத்துக்கு மேல். ஆரம்பத்தில் கான்டினென்டல் இன்ஜின், பிறகு ஸ்டாண்டர்டு கம்பெனியின் சொந்த இன்ஜின். டீசல் மாடல் 1951-இல்தான் சேர்ந்தது. ஆரம்பகாலப் பெட்ரோல் வண்டிகள்தான் 6 வோல்ட், பின்னால் வந்த பெட்ரோலும் 12-க்கு மாறிவிட்டது. டீசலில் காயில் கிடையாது, காயில் கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டும் கிடையாது. அதை வைத்து இதற்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

ஒழலப்பதி சார், மூடி மூன்று என்பதை மட்டும் நம்ப வேண்டாம். 12 வோல்ட் வண்டியில் யாரோ 6 வோல்ட் பேட்டரியை வைத்திருந்தாலும் இப்படித்தான் முக்கும். டைனமோ உடம்பில் இருக்கும் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். ஹெட்லைட் பல்ப் பித்தளைக் கழுத்திலும் வோல்ட் பொறித்திருக்கும்.

கொசுறுத் தகவல் ஒன்று. இந்த ஸ்டாண்டர்டு இன்ஜினின் குடும்பம்தான் வேன்கார்டு காரிலும் இருந்தது. அந்தக் கார் நம்ம சென்னையிலேயே அசெம்பிள் ஆனது. கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடுபவர்கள் டிராக்டர் சாமான் என்று மட்டும் கேட்காமல் வேன்கார்டு என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒழலப்பதி தோட்டம்

பார்த்தேனுங்க. டைனமோ தகட்டில் 6 என்றுதான் இருக்கிறது. பல்பிலும் 6.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். 12 வோல்ட் போடலாமா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். பேட்டரி புதிது, இன்ஜின் ஹேண்டிலில் கிளம்புகிறது, செல்ஃப் மட்டும் முக்குகிறது என்றால் எனக்குச் சந்தேகம் வோல்ட் மேல் இல்லை, வழியில் இருக்கும் காப்பர் மேல்தான்.

அதே வேலைக்கு 6 வோல்ட்டில் கரண்ட் இரண்டு மடங்கு ஓட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 250 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். இப்போது கடையில் கார் கேபிள் என்று கொடுப்பது பெரும்பாலும் 16 சதுர மில்லிமீட்டர். அது போக வர 2 மீட்டர் இருந்தால் கேபிளில் மட்டுமே அரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட் போனால் தெரியாது. 6 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்கு. 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் அதே இடத்தில் 0.13 வோல்ட்தான் இழப்பு.

மல்ட்டி மீட்டர் இருந்தால் இதைச் செய்யுங்கள். காயில் வயரைக் கழற்றிவிடுங்கள், வண்டி கிளம்பக் கூடாது. ஒருவர் கியர் ராடை எஸ்-இல் தள்ளிப் பிடிக்கட்டும். நீங்கள் மீட்டரை டி.சி.யில் வைத்து, முதலில் பேட்டரியின் இரண்டு போஸ்ட்டிலும் வைத்துப் பாருங்கள். கிளாம்ப்பில் வைக்காதீர்கள், ஈயப் போஸ்ட்டின் தலையிலேயே வைக்க வேண்டும். அடுத்து செல்ஃப் மோட்டார் போல்ட்டிலும் மோட்டார் உடம்பிலும். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

நகரிக்காரன்

கியர் ராடிலா செல்ஃப்?

சாம்பல் குதிரை

ஆமாம் தம்பி, ஃபெர்குசனின் அழகே அதுதான். தனி பட்டன் கிடையாது. கியர் ராடை எஸ் என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் செல்ஃப் சுற்றும். எஸ்-இல் ராடு இருக்கும்போது எந்தக் கியரும் விழுந்திருக்காது. அதனால் கியரோடு கிளப்பி வண்டி பாய்ந்து ஆளை ஏற்றுவது நடக்காது. எழுபது வருஷத்துக்கும் முன்பே யோசித்திருக்கிறார்கள்.

ஒழலப்பதி தோட்டம்

பையனை ஏற்றி உட்காரவைத்துப் பார்த்தேன். பேட்டரி போஸ்ட்டில் 5.1. செல்ஃபில் 3.6.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்

ஒன்றரை வோல்ட் வழியிலேயே காலி. 3.6 வோல்ட்டில் அந்த மோட்டார் முக்காமல் என்ன செய்யும்! பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது.

இப்போது துண்டு துண்டாகப் பாருங்கள். எல்லாமே செல்ஃப் அடிக்கும்போதுதான் பார்க்க வேண்டும், சும்மா இருக்கும்போது பார்த்தால் இழப்பு தெரியாது. மீட்டரின் ஒரு முனை வண்டி உடம்போடு சேரும் எர்த் போஸ்ட்டில், மறு முனை செல்ஃப் உடம்பில். அப்புறம் கியர்பாக்ஸ் மேல் இருக்கும் சுவிட்சின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒவ்வொன்றிலும் 0.2-க்கு மேல் வந்தால் அங்கே தகராறு.

ஒழலப்பதி தோட்டம்

எர்த் பக்கம் 0.7, சுவிட்சில் 0.6. மீதி கேபிளில்.

எர்த்தைக் கழற்றிப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. சில வருஷம் முன்னால் ஒரு பட்டறையில் பெயின்ட் அடித்தபோது, எர்த் பட்டை வரும் இடத்தையும் சேர்த்தே சாம்பல் பெயின்ட் அடித்து, அதன் மேல் லக்கை (பட்டை நுனியின் வளையத்தை) வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாகத்தான் இத்தனை நாள் கரண்ட் போயிருக்கிறது. லக்குக்கு அடியில் ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் பளபளவென்று பெயின்ட். சுவிட்சைப் பிரித்தால் உள்ளே இரண்டு காப்பர் முகமும் கருகிக் குழி விழுந்திருக்கிறது.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்

பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். லக்கை வைத்து முறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் துரு ஏறாது. முறுக்குவதற்கு முன்பு இல்லை, பிறகு. சுவிட்சின் காப்பரை அரம் வைத்துச் சமப்படுத்துங்கள், குழி ஆழமாக இருந்தால் லேத்தில் புதுசாகவே கடைந்து கொடுப்பார்கள். கேபிளை 70-க்கு மாற்றிவிடுங்கள். வெல்டிங் கேபிள் வாங்கிக் காப்பர் லக் அழுத்தினால் போதும், விலையும் குறைவு.

ஒழலப்பதி தோட்டம்

எல்லாம் செய்தாச்சுங்க. இப்போது பேட்டரியில் 5.0, செல்ஃபில் 4.6. எஸ்-இல் தள்ளினால் ஒரு சுற்றிலேயே பிடித்துவிடுகிறது!

சாம்பல் குதிரை

அப்புறம் என்ன, விஷயம் முடிந்தது. 12 வோல்ட் பேச்சையே விடுங்கள். ஒரிஜினலாக இருக்கும் வண்டியின் மதிப்பே வேறு.

ஒழலப்பதி தோட்டம்

எனக்கும் அப்படியே விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் பேட்டரி கட்டிக் கொடுத்தவர் இனி கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார். இந்தப் பேட்டரி போனால் அடுத்தது எங்கே போவது? 12 வோல்ட் என்றால் வேலந்தாவளத்திலேயே கிடைக்கும். நடுராத்திரியில் நின்றாலும் பக்கத்துத் தோட்டத்து ஜீப் பேட்டரியை வைத்துக் கிளப்பிவிடலாம். அதனால் மாற்றுவது என்றே முடிவு. எப்படி ஒழுங்காக மாற்றுவது என்று சொல்லுங்க.

தென்னந்தோப்பு

கோல்ஃப் வண்டிக்குப் போடும் 6 வோல்ட் பேட்டரி கிடைக்கிறதே?

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்

கிடைக்கும். ஆனால் உயரம் அதிகம், ஃபெர்குசனின் பானெட்டுக்குள் மூடாது. அது நிதானமாக நாள் முழுக்கக் கரண்ட் கொடுக்கச் செய்த ஜாதி. செல்ஃப் அடிக்க அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அந்த விலைக்கு 12-க்கே மாறிவிடலாம்.

மிச்சிகன் மாப்பிள்ளை

மீனாட்சிபுரத்துக்காரன், இப்போது மிச்சிகனில். இங்கே ஃபோர்டு 8என் என்று ஒரு டிராக்டர் வீட்டுக்கு வீடு நிற்கும். 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எல்லாம் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ்தான் வண்டி உடம்போடு சேரும். குளிர் மைனஸில் இறங்கினால் 6 வோல்ட்டில் எண்ணெய் அல்வா மாதிரி இறுகி செல்ஃப் சுற்றாது. அதனால் இங்கே பாதிப்பேர் 12-க்கு மாற்றிவிட்டார்கள். பழைய 6 வோல்ட் செல்ஃப் அப்படியே 12-இல் பல வருஷம் ஓடுவதை நானே பார்க்கிறேன். அதனால் செல்ஃப் எரியும் என்ற பயம் வேண்டாம்.

8 வோல்ட் பேட்டரி என்று ஒரு குறுக்குவழியும் இங்கே உண்டு. அதைச் சார்ஜ் செய்ய ரெகுலேட்டரை வளைத்துக் கட்ட வேண்டும், பல்பெல்லாம் சீக்கிரம் போகும். நம்ம ஊரில் அந்தப் பேட்டரியே கிடைக்காது, விடுங்கள்.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்

மாப்பிள்ளை சொல்வது சரி. செல்ஃப் சில விநாடிதான் ஓடும். அதற்குள் சூடேறி எரியாது, யாராவது கிளம்பாத வண்டியை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் தவிர. நாசமாவது காயிலும் பாயின்ட்டும்தான். அங்கேதான் கவனம் வேண்டும்.

6 வோல்ட் காயிலின் முதல் சுற்று, அதாவது பிரைமரி, சுமார் ஒன்றரை ஓம். 6 வோல்ட்டில் அதற்கு 4 ஆம்பியர். அப்படியே 12 கொடுத்தால் 8 ஆம்பியர். காயில் சூடேறி உள்ளே இருக்கும் எண்ணெய் கசியும், பாயின்ட் நீலம் பாய்ந்து குழி விழும். அன்றைக்கே நிற்காது, கொஞ்ச நாள் ஓடிவிட்டு நடுத்தோப்பில் நிற்கும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கவிழ்க்கும்.

இரண்டு வழி. ஒன்று, 3 ஓம் இருக்கும் 12 வோல்ட் காயில் வாங்கிப் போடுவது. கடையில் "12 வோல்ட் காயில்" என்று கேட்டால் மட்டும் போதாது. சில 12 வோல்ட் காயில் வெளியே ரெசிஸ்டர் வைத்துப் போடச் செய்தது. அது உள்ளுக்குள் ஒன்றரை ஓம்தான். கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள். அளப்பதற்கு முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். மலிவு மீட்டரில் அப்போதே 0.3, 0.4 காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒன்றரை ஓமை இரண்டு என்று நினைத்து ஏமாறுவீர்கள்.

இரண்டாவது வழி, பழைய காயிலை வைத்துக்கொண்டு முன்னால் ஒன்றரை ஓம் ரெசிஸ்டர். 4 ஆம்பியர் போனால் அதில் 6 வோல்ட் விழும், 24 வாட் சூடு. 50 வாட் தாங்கும் பீங்கான் ரெசிஸ்டராக இருக்கட்டும். கைபட்டால் தோல் உரியும். பெட்ரோல் குழாய்க்கும் வயர் கட்டுக்கும் தள்ளி, காற்றுப் படும் இடத்தில் இரும்பில் போல்ட் போட்டு வையுங்கள். சாவியைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பாமல் நிறுத்தி வைத்தால், பாயின்ட் மூடியிருந்தால் அது சுட்டுக்கொண்டே இருக்கும்.

என்னைக் கேட்டால் முதல் வழிதான்.

ஒழலப்பதி தோட்டம்

3 ஓம் காயிலே வாங்கிவிடுகிறேன். எங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த். அதை மாற்ற வேண்டுமா? டைனமோவை என்ன செய்வது?

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்

முதலில் டைனமோ. 6 வோல்ட் டைனமோ 7 வோல்ட் சொச்சம் வரைதான் கொடுக்கும். 12 வோல்ட் பேட்டரியைவிட அது குறைவு, அதனால் சார்ஜ் ஏறாது. டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் சுவிட்சைச் சிலர் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். அப்போது பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் போய், அது மோட்டாராக மாறிச் சுற்றப் பார்க்கும். எரிந்துபோகும். அதைச் செய்யாதீர்கள்.

டைனமோவைக் கழற்றவும் முடியாது, ஃபேனையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றும் பெல்ட் அதன் மேல்தான் ஓடுகிறது. வயர்களை மட்டும் கழற்றி டேப் சுற்றிவிட்டால் சும்மா சுற்றிக்கொண்டு பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும்.

உங்கள் வேலை தேங்காய் இழுப்பது மட்டும் என்றால், டைனமோவுக்குப் பதிலாக இப்போதைய வண்டிகளில் இருக்கும் ஆல்டர்னேட்டரே தேவையில்லை. ஓடும்போது 3 ஓம் காயில் சராசரியாக 3 ஆம்பியருக்குக் கீழேதான் எடுக்கும். 60 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பாதியை மட்டும் செலவு செய்தாலும் பத்து மணி நேரம் ஓடும். சாயங்காலம் வீட்டில் சார்ஜரை மாட்டிவிடுங்கள். லைட் போட்டு ராத்திரி ஓட்டினால் கணக்கு வேறு.

ஆல்டர்னேட்டர் வைக்காதவரை பாசிட்டிவ் எர்த் அப்படியே இருக்கலாம். செல்ஃபுக்கு எது எர்த்தாக இருந்தாலும் கவலையில்லை, சுற்றும் திசை மாறாது. காயிலில் மட்டும் பாருங்கள். பாசிட்டிவ் எர்த்தில் காயிலின் பிளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். பிற்பாடு நெகட்டிவ் எர்த்துக்கு மாறினால் மைனஸ் முனை போக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும், ஆனால் ஸ்பார்க் பலம் குறையும். சூடான இன்ஜினைத் திரும்பக் கிளப்பும்போது அது தெரியும். ஆம்மீட்டர் முள் தலைகீழாக அடித்தால் அதன் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் சரி.

வேலந்தாவளம் டிரெய்லர்

நான் எங்கள் பழைய பெட்ரோல் டிராக்டருக்கு மாருதி 800 ஆல்டர்னேட்டர் வைத்தேன். பிராக்கெட் லேத் பட்டறையில் செய்தது. நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றித்தான் வைத்தேன், சார்ஜ் அருமையாக ஏறுகிறது. ஒரே தொல்லை, சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்க மாட்டேன் என்கிறது! கியர் போட்டு கிளட்ச்சை விட்டுத்தான் நிறுத்துகிறேன்.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்

சாவியிலிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகும் சின்ன வயரில் சார்ஜ் லைட் பல்ப் வைத்தீர்களா, அல்லது நேராகவே கொடுத்தீர்களா?

வேலந்தாவளம் டிரெய்லர்

நேராகத்தான். டேஷ்போர்டில் பல்புக்கு ஓட்டை இல்லை.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்

அதுதான் காரணம். சாவியை மூடிய பிறகும் ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது. அதன் கரண்ட் அந்தச் சின்ன வயர் வழியாகத் திரும்பி வந்து காயிலுக்குத் தீனி போடுகிறது. நடுவில் ஒரு சின்ன 12 வோல்ட் பல்ப் வையுங்கள். 3 வாட் போதும், பல்ப் வழியாக வரும் கரண்ட் காயிலுக்குப் பற்றாது. பல்ப் வேண்டாமென்றால் 3 ஆம்பியர் டயோடு, கோடு போட்ட பக்கம் ஆல்டர்னேட்டரைப் பார்த்து இருக்க வேண்டும்.

வேலந்தாவளம் டிரெய்லர்

டயோடு போட்டேன். சாவியைத் திருப்பியதும் நின்றது. நன்றிங்க.

ஒழலப்பதி தோட்டம்

நானும் மாற்றிவிட்டேன். 12 வோல்ட் பேட்டரி, 3 ஓம் காயில், பல்பெல்லாம் 12. டைனமோ சும்மா சுற்றுகிறது. கிளம்புவது என்னமோ கண்மூடித் திறப்பதற்குள். ஆனால் எஸ்-இல் தள்ளினால் "டங்!" என்று ஒரு அடி. கோவில் மணி அடித்தது போல் களம் முழுக்கக் கேட்கிறது. அம்மா பயந்துவிட்டார்.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்

அம்மா பயந்ததில் நியாயம் உண்டு. 12-இல் செல்ஃப் இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாகப் பாய்ந்து, ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பல் வளையமான ரிங்கில் மோதுகிறது. செல்ஃபின் பல்சக்கரத்தோடு இருக்கும் பெண்டிக்ஸ் ஸ்பிரிங்தான் அந்த அடியை வாங்குகிறது. மோட்டாரைக் கழற்றி ஸ்பிரிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ரிங் பல்லையும் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் எப்போதும் ஏறக்குறைய இரண்டே இடத்தில்தான் வந்து நிற்கும். அந்த இரண்டு இடத்துப் பற்கள்தான் முதலில் தேயும். இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பார்த்தால் தெரிந்துவிடும். தேய்ந்திருந்தால் ரிங்கைச் சூடு செய்து கழற்றித் திருப்பிப் போட்டு இன்னும் பல வருஷம் ஓட்டலாம்.

அப்புறம், இன்ஜின் பிடித்த சத்தம் கேட்டதும் ராடை உடனே விட்டுவிடுங்கள். இன்ஜின் முழுக்க நிற்பதற்குள் மறுபடி எஸ்-இல் தள்ளுவது மட்டும் கூடவே கூடாது. 12 வோல்ட்டில் பல் உடைவது பெரும்பாலும் அப்படித்தான்.

சாம்பல் குதிரை

இத்தனைக்கும் 6 வோல்ட்டில் ஒரு சுற்றில் பிடித்துக்கொண்டிருந்த வண்டி! சரி, உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். அந்தப் பழைய 6 வோல்ட் காயிலையும் பல்பையும் தூக்கிப் போடாதீர்கள். வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள், தேங்காய்க்குப் பண்டமாற்று இல்லை, காசே தருகிறேன்.

ஒழலப்பதி தோட்டம்

ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதுங்க. ரிங்கில் ஒரு இடத்தில் மட்டும் பல் நுனி கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, இப்போதைக்கு ஓடட்டும். பல்ப் உங்களுக்குத்தான், எடுத்து வைத்திருக்கிறேன். காயில் மட்டும் டூல் பாக்ஸிலேயே இருக்கட்டும். இன்னொரு கேள்வி, ஹாரன் 6 வோல்ட்தான். அதை 12-இல் அடிக்கலாமா?

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்

தொட்டுத் தொட்டு அடித்தால் தாங்கும், பிடித்து அழுத்தினால் காயில் கருகும். ஆட்டோவுக்குப் போடும் 12 வோல்ட் ஹாரன் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். தோப்புக்குள் யாருக்கு ஹாரன் அடிக்கப் போகிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை.

ஒழலப்பதி தோட்டம்

மயிலுக்குங்க. டிரெய்லர் வரும்போது வழியை விடவே மாட்டேன் என்கிறது.